"காசு வைச்சியா தம்பி?": கோல்ஃப் விதிகள் பரீட்சைக்கு நான் படித்த விதம்

திருகோணமலையில், சீனக்குடாவில் விமானப்படையின் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. நான் வேலை செய்த ஹோட்டல் உப்புவெளியில். அங்கே தங்கியிருந்த வெளிநாட்டு விருந்தினர் ஒருவரின் பையைத் தூக்கிக்கொண்டு அந்த மைதானத்தில் நடந்த முதல் நாளே பிழை விட்டேன். அவருடைய பந்து கிரீனில் (குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய தரை), குழியிலிருந்து ஆறேழு அடி தள்ளி நின்றது. மண் ஒட்டியிருந்தது. துடைத்துக் கொடுப்போமே என்று குனிந்து எடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற மூத்த கேடி (ஆட்டக்காரரின் பையைத் தூக்கிக்கொண்டு உதவுபவர்) அண்ணன் கேட்டார்: "காசு வைச்சியா தம்பி?"

டிப்ஸைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "இன்னும் தரேல்ல அண்ணை" என்றேன். அவர் தலையில் கை வைத்தார். விருந்தினர் கோபப்படவில்லை, ஆனால் அட்டையில் ஓர் அடியைக் கூட்டி எழுதினார். எடுத்தது நான், தண்டம் அவருக்கு.

கிரீனில் நிற்கும் பந்தை எடுக்கலாம், துடைக்கலாம். 2019இல் விதிகளை மாற்றி எழுதியதிலிருந்து, ஆட்டக்காரர் சொல்லாமலே கேடியும் எடுக்கலாம். ஆனால் எடுக்கமுதல் பந்துக்குச் சரி பின்னால் அல்லது சரி பக்கத்தில் ஓர் அடையாளம் (மார்க்கர்) வைத்தாக வேண்டும். அண்ணன் கேட்ட காசு அதுதான்.

வெட்கத்தில்தான் படிக்கத் தொடங்கினேன். ஆர் அண்ட் ஏ என்ற அமைப்பு அமெரிக்காவின் கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ.யோடு சேர்ந்து உலகம் முழுவதுக்குமான கோல்ஃப் விதிகளை எழுதுகிறது. அவர்கள் இணையத்தில் நடத்தும் விதிகள் பரீட்சையின் முதல் நிலையைத்தான் எடுத்தேன். முதல் தடவை கவிழ்ந்தேன். உயர்தரத்துக்கு வரலாறு பாடமாக்கியதுபோல விதி இலக்கங்களைப் பாடமாக்கியிருந்தேன். 13.1, 14.1, 15.3 எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. கேள்வியோ, "ஆட்டக்காரர் இப்படிச் செய்தார், பிறகு இப்படி நடந்தது, இப்போது என்ன?" என்று வந்தது. இலக்கம் தெரிந்து என்ன பயன்?

இரண்டாம் தடவைக்குப் புத்தகத்தை மூடிவிட்டு விறாந்தையில் இறங்கினேன். சீமெந்துத் தரையில் சோக்கட்டியால் ஒரு குழி கீறினேன். பந்துக்குப் பதில் தேசிக்காய், மார்க்கருக்கு ஐந்து ரூபாய்க் குற்றி. கிரீனில் பந்தை உருட்டும் மட்டையான பட்டர் கிடையாது, தும்புத்தடியின் முனைதான். (பட்டர் என்றால் பாணுக்குப் பூசுவது என்றுதான் அம்மா கடைசிவரை நினைத்தா.) எதிராளி என் மச்சான்.

அது கச்சான் காற்றுக் காலம். பின்னேரம் காற்று எழும்பினால் தேசிக்காய் தானாக உருளும். அந்த உருளல் இல்லாவிட்டால் எனக்கு அந்த விதி விளங்கியிருக்காது. பந்து வந்து நின்ற இடத்திலிருந்து, இன்னும் யாரும் தூக்காத நிலையில், காற்று அதை நகர்த்தினால் புதிய இடத்திலிருந்துதான் அடிக்க வேண்டும். குழிக்குள்ளேயே போய் விழுந்தால், முந்தைய அடியிலேயே விழுந்ததாகக் கணக்கு, அதிர்ஷ்டம்! ஆனால் ஒருமுறை குற்றி வைத்துத் தூக்கி, திரும்ப வைத்த பிறகு காற்று நகர்த்தினால், பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைக்க வேண்டும். இரண்டிலும் தண்டம் இல்லை. பந்தைத் திரும்ப வைத்ததும் அது ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறது, குற்றியை இன்னும் எடுக்காவிட்டாலும்கூட. நான் முதல் தடவை சறுக்கியது இங்கேதான்.

அதனால் கிரீன் கேள்வி எது வந்தாலும் இரண்டு விஷயம் பாருங்கள். பந்து ஏற்கனவே தூக்கித் திரும்ப வைக்கப்பட்டதா? அதை நகர்த்தியது யார், எது? காற்றென்றால் மேலே சொன்னபடி. உங்கள் கால் தெரியாமல் தட்டினால் தண்டமில்லை, பழைய இடத்தில் வையுங்கள். திருகோணமலைக் கோட்டைக்குள் மேயும் மான்களில் ஒன்று கிரீனுக்கு வந்து பந்தையோ குற்றியையோ மிதித்துத் தள்ளினாலும் அதே கதைதான்.

ஒரு அடி தண்டம், இரண்டு அடி தண்டம் என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். அடையாளம் வைக்கும் சடங்கில் பிசகினால் ஒன்று: வைக்காமல் தூக்குவது, பிழையாக வைப்பது, குற்றியைத் தரையில் விட்டுவிட்டே அடிப்பது. வேப்பிலையைக் கிள்ளி அடையாளமாக வைத்தாலும் ஒன்றுதான், ஏனென்றால் மார்க்கர் செயற்கைப் பொருளாக இருக்க வேண்டும். பிழையான இடத்திலிருந்து அடித்துவிட்டால் இரண்டு, மேட்ச் பிளேயில் (குழிக்குக் குழி வெற்றி தோல்வி பார்க்கும் ஆட்டம்) அந்தக் குழியே எதிராளிக்கு. கிரீனிலிருந்து அடித்த பந்து கிரீனில் நின்ற இன்னொரு பந்தில் மோதினால் ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) இரண்டு, மேட்ச் பிளேயில் ஒன்றுமில்லை. கிரீனுக்கு வெளியிலிருந்து சிப் (சின்னதாகத் தூக்கி அடிப்பது) அடித்து மோதினால் எதிலும் இல்லை. கேள்வியில் எந்த வகை ஆட்டம் என்ற சொல்லைத் தேடிப் பிடித்த பிறகுதான் விடையைத் தொடுங்கள்.

பிழையான இடம் என்பது பெரிய ஆட்களுக்கும் நடந்திருக்கிறது. 2017இல் ஏ.என்.ஏ. இன்ஸ்பிரேஷன் என்ற பெண்கள் போட்டியில் அமெரிக்க ஆட்டக்காரி லெக்ஸி தாம்ப்சன் கிரீனில் குழியை நோக்கி உருட்டும் ஒரு சின்ன அடிக்குப் பந்தைக் குற்றி வைத்துத் தூக்கி, சற்றே தள்ளி வைத்துவிட்டார். தொலைக்காட்சியில் பார்த்த ஒருவர் மின்னஞ்சல் போட்டார். இடத்துக்கு இரண்டு, பிழையான அட்டையில் கையெழுத்திட்டதற்கு இரண்டு என்று நான்கு அடி, அதுவும் மறுநாள் கடைசிச் சுற்று நடந்துகொண்டிருக்கும்போது. சமநிலையை முறிக்கும் பிளே ஆஃபில் தென்கொரியாவின் யூ சோ யியோனிடம் தோற்றார். இதைப் படித்த நாளிலிருந்து நான் குற்றியைப் பந்தின் பின்னால், குழிக்கு நேரெதிர்ப் பக்கமாக மட்டுமே வைக்கிறேன். பக்கவாட்டில் வைக்க விதி விடுகிறது, என் கண்ணைத்தான் நம்ப முடியாது.

மச்சானோடு அதிகம் சண்டை பிடித்தது குற்றியை நகர்த்துவதில். அடுத்தவரின் பாதையில் உங்கள் குற்றி நின்றால், அவர் கேட்டதும் பட்டர் தலை அளவு ஒன்றோ இரண்டோ பக்கவாட்டில் தள்ளி வைக்க வேண்டும். எதிரே நிற்கும் ஒரு மரத்தைக் குறி வைத்துக்கொண்டு அளந்தால், திரும்பி வரும்போதும் அதே கோடு கிடைக்கும். ஆனால் அவர் அடித்து முடிக்கும்போது நகர்த்தியதே மறந்துபோகும். அங்கிருந்தே அடித்தால் இரண்டு அடி. இதற்கு அண்ணன் சொல்லித் தந்த வழி: ஐந்து என்ற எண் மேலே தெரியும்படி வை, நகர்த்தினால் குற்றியைப் பிரட்டி வை. குனியும்போது எண் தெரியாவிட்டால் கை தானாக நிற்கும்.

மரியாதைப் பகுதி இலகு என்று விட்டுவிடாதீர்கள், அதிலும் பொறி உண்டு. அடுத்தவரின் பட்டிங் கோட்டை, அதாவது அவர் பந்து குழிக்கு உருளப் போகும் பாதையைத் தெரியாமல் மிதித்தால் தண்டம் இருக்கிறதா? இல்லை. அவர் முகம் கறுக்கும், அவ்வளவுதான். அவர் அடிக்கும்போது உங்கள் நிழலைக் குழியில் விழுத்தாதிருப்பதும் அப்படியே.

பரீட்சை ஆங்கிலத்தில் என்பதால் தமிழ் மீடியத்தில் படித்த நமக்கு இன்னொரு இடறல். 'மஸ்ட்' என்றால் செய்தே ஆக வேண்டும், 'மே' என்றால் விருப்பம். அவசரத்தில் வாசித்து இந்த இரண்டிலேயே நான் புள்ளி இழந்தேன். இரண்டாம் தடவை ஒவ்வொரு கேள்வியையும் மனதுக்குள் நம் பேச்சுத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்து, தேசிக்காயைக் கண்முன் வைத்துத்தான் விடை போட்டேன். தப்பிவிட்டேன்.

விறாந்தை முறையைச் செய்து பார்ப்பவர்களுக்கு ஒன்று: புதுத் தேசிக்காயாக எடுங்கள். காய்ந்தது நேரே உருளாது. எடுக்கமுதல் அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.