1780 என்று போட்ட மூன்று நாணயங்கள்

மரியா தெரேசா தாலர், அதாவது ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் உருவம் பொறித்த வெள்ளி நாணயம், என்று சொல்லி மூன்று நாணயங்கள் ஒரே பொட்டலமாக என் கைக்கு வந்தன. மூன்றிலும் 1780. ஒன்று பளபளவென்று, ஒன்று கறுத்துப்போய், ஒன்று இரண்டுக்கும் நடுவில். பளபளப்பதுதான் உசத்தி என்று நினைத்துத் தனியே எடுத்து வைத்தேன்.

முதலில் காந்தம். மூன்றுமே ஒட்டவில்லை, சந்தோஷப்பட்டேன். பித்தளையும் செம்பும்கூட ஒட்டாது என்பது அப்புறம்தான் உறைத்தது. இதில் மாட்டுவது இரும்புப் போலி மட்டும்தான்.

அடுத்து அடர்த்தி. தராசின் மேல் தண்ணீர்க் குவளையை வைத்து, அது காட்டும் எடையைச் சுழியாக்கி, நாணயத்தை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க அமிழ்த்த வேண்டும். அப்போது தராசு காட்டுவது நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை. வெளியே நிறுத்த எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. தாலரில் வெள்ளி 83.3 சதவீதம், மீதி செம்பு; ஆகவே விடை 10.2 பக்கம் வர வேண்டும்.

என் தராசு 0.1 கிராம் வரைதான் காட்டும். 2.7, 2.8 என்று மாறி மாறிக் காட்டியது. நாணயத்தின் எடை சுமார் 28 கிராம்; அதை 2.7 ஆல் வகுத்தால் 10.37, 2.8 ஆல் வகுத்தால் 10. இதை வைத்து என்ன தீர்ப்புச் சொல்ல? 0.01 கிராம் காட்டும் தராசை இரவல் வாங்கினேன். அதிலும் முதல் தடவை 9.9 வந்து பகீரென்றது. பார்த்தால், அரசியின் கூந்தல் மடிப்புகளில் காற்றுக் குமிழிகள்! நாணயத்தைத் தண்ணீருக்குள் லேசாக ஆட்டி அவற்றை வெளியேற்றிய பிறகு கறுத்தது 27.96 கிராமுக்கு 2.75, அதாவது 10.17. பளபளப்பானது 10.20. நடுவில் இருந்ததோ 24.62 கிராமுக்கு 2.86. வெறும் 8.6. சரி, ஒன்று போயிற்று.

போனதை லென்ஸில் பார்த்தேன். பரப்பெங்கும் ஊசி குத்தியது போன்ற குழிகள். நல்ல தாலரின் விளிம்பில் 'நீதியும் கருணையும்' என்று பொருள்படும் லத்தீன் வாசகம் புடைத்து நிற்கும். இதில் அந்த எழுத்துகள் கரைந்த சோப்பு மாதிரி இருந்தன. வார்ப்புப் போலி, மேலே வெள்ளி முலாம். இதை நான் தூக்கிப் போடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்காது.

பளபளப்பானதை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தேன். அச்சடித்தபோது வந்த மினுக்கம் என்றால், சாய்க்கச் சாய்க்க ஒளி சக்கர ஆரம் போலச் சுற்றிவரும். இதில் சுற்றவில்லை, தட்டையாக மின்னியது. லென்ஸில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள். யாரோ தேய்த்துச் 'சுத்தம்' செய்திருக்கிறார்கள். நாணயங்களின் தரத்தை அளக்க ஷெல்டன் என்பவர் 1949-இல் கொண்டுவந்த 1 முதல் 70 வரையான அளவுகோலில் 60-உம் அதற்கு மேலும் புழக்கத்தில் தேயாத நாணயங்களுக்கு. இப்படித் தேய்த்ததற்குத் தரம் பார்க்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் எண்ணே தருவதில்லை. கறுத்ததில் தேய்மானம் உண்டு, ஆனால் கறுப்புக்கு அடியில் பரப்பு கெடாமல் இருக்கிறது. அதை நான் தொடப்போவதில்லை.

மதிப்புதான் தலைவலி. அரசி இறந்தது 1780-இல். அந்த ஆண்டையே போட்டு நாணயத்தை அதன் பிறகும் அடித்துக்கொண்டே இருந்தார்கள்: வியன்னா, ரோம், லண்டன், பம்பாய் என்று பல நாணயச் சாலைகளில். வியன்னா இன்றும் அடிக்கிறது. அரசியின் உருவத்துக்குக் கீழே உள்ள, பழைய நாணயச் சாலை அதிகாரிகளின் பெயர்களைக் குறிக்கும் 'எஸ்.எஃப்.' எழுத்துகளையும் மறு அச்சுகள் அப்படியே சுமக்கின்றன. ஆக, வெள்ளி அசல் என்பது தெரிந்தும் வயது தெரியவில்லை. சாதாரண மறு அச்சென்றால் உள்ளே இருக்கும் 23.4 கிராம் வெள்ளியின் விலையை ஒட்டித்தான் மதிப்பு. பழையதென்றால் கதையே வேறு.

எந்த நாணயச் சாலையில் அடித்தது என்று பிரிக்க அரசியின் உடை ஊசியில் உள்ள முத்துகளையும் பின்பக்கக் கழுகின் வால் இறகுகளையும் பார்க்க வேண்டும். கறுத்ததில் இறகுகளை நேற்று மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் வேறு வேறு எண்ணிக்கை வந்தது.