ஓகடூகுவில் இறங்கிய 68 டன்

1999ஆம் ஆண்டு மார்ச் மாதம் உக்ரைனிலிருந்து புறப்பட்ட சரக்கு விமானம் ஒன்று, புர்கினா ஃபாசோவின் தலைநகரான ஓகடூகுவில் 68 டன் ஆயுதங்களை இறக்கியது. அந்த ஆயுதங்கள் தங்கள் நாட்டுப் பயன்பாட்டுக்கே என்று உறுதியளித்து புர்கினா ஃபாசோ தரப்பு வழங்கிய இறுதிப் பயனர் சான்றிதழ் கோப்பில் இருந்தது. ஆனால் சில நாட்களிலேயே அந்தச் சரக்கு வேறொரு விமானத்தில் ஏற்றப்பட்டு, 1992 முதல் ஐ.நா. ஆயுதத் தடைக்கு உட்பட்டிருந்த லைபீரியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. லைபீரியாவின் அண்டை நாடான சியரா லியோனின் கிளர்ச்சிப் படைக்கு ஆயுதங்கள் எவ்வழியே வருகின்றன என்று ஆராய 2000ஆம் ஆண்டில் பாதுகாப்பு மன்றம் அமைத்த நிபுணர் குழு, விமானப் பதிவுகளையும் சான்றிதழ்களையும் ஒப்பிட்டு இதைக் கண்டறிந்தது.

ஆயுத வர்த்தகக் கண்காணிப்பைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நான் இந்த நிகழ்வுக்கே திரும்பி வருகிறேன். அணு, வேதி, உயிரியல் ஆயுதங்களுக்கு வெளியே உள்ள அனைத்தையும் நாம் மரபுவழி ஆயுதங்கள் என்கிறோம். மக்கள் அன்றாடம் செத்து மடிவது பெரும்பாலும் இவற்றால்தான். இவற்றின் விற்பனை சட்டபூர்வமானது என்பதால், கண்காணிப்பு என்பது ஏறக்குறைய முழுவதும் தாள்களை நம்பியே நடக்கிறது. தாள் ஓரிடத்தில் நின்றுவிட, ஆயுதம் மட்டும் மேலே பயணம் செய்வதே இத்துறையின் அடிப்படைச் சிக்கல் என்பது என் கருத்து.

ஆயுத வணிகத்தைக் கணக்கில் கொண்டுவரும் முயற்சி புதியதன்று. ஐ.நா.வின் முன்னோடியான சர்வதேச சங்கம் 1920களிலேயே ஆயுத வர்த்தகப் புள்ளிவிவர ஆண்டு நூலை வெளியிடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் நெருங்கியபோது அது நின்றுபோனது. பிறகு நீண்ட காலம் அரசுகளுக்குப் பொதுவான பேரேடு எதுவும் இருக்கவில்லை. 1990இல் குவைத்துக்குள் நுழைந்த இராக்கியப் படையின் ஆயுதங்களில் பெரும்பகுதி சோவியத் ஒன்றியம், பிரான்ஸ், சீனா ஆகிய பாதுகாப்பு மன்ற நிரந்தர உறுப்பு நாடுகளே விற்றவை என்ற உண்மை உறுத்தியதால்தான், 1991 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை மரபுவழி ஆயுதப் பதிவேட்டை உருவாக்கியது. போர் டாங்கிகள், கவச வாகனங்கள், பெரிய பீரங்கிகள், போர் விமானங்கள், தாக்குதல் ஹெலிகாப்டர்கள், போர்க்கப்பல்கள், ஏவுகணைகளும் ஏவுகருவிகளும் என்ற ஏழு வகைகளில், முந்தைய ஆண்டில் எத்தனை விற்றோம், எத்தனை வாங்கினோம் என்று ஒவ்வோர் அரசும் மே 31க்குள் தெரிவிக்க வேண்டும்.

இந்தப் பதிவேட்டில் நான் பெரிதும் மதிப்பது அதன் இரட்டைக் கணக்கு முறையை. ஒரே பரிமாற்றத்தை விற்றவரும் எழுதுகிறார், வாங்கியவரும் எழுதுகிறார். இரண்டு எண்களும் பொருந்தாதபோது கேள்வி தானாக எழுகிறது. ஒருவர் வாய் திறக்காவிட்டாலும் மற்றவரின் பதிவு நமக்குக் கிடைக்கிறது. ஆனால் அறிக்கை தருவது அரசுகளின் விருப்பத்தைப் பொறுத்தது. தைவானுக்கு விற்றவற்றையும் அமெரிக்கா தன் பட்டியலில் சேர்த்ததை எதிர்த்து 1990களின் பிற்பகுதியில் விலகிய சீனா, 2007இல்தான் மீண்டும் அறிக்கை தந்தது. 2000களின் தொடக்கத்தில் 120க்கு மேற்பட்ட நாடுகள் எழுதிய பேரேட்டில், பிற்பாடு பல ஆண்டுகளில் அதில் பாதி நாடுகள்கூட எழுதவில்லை. இரு தரப்பும் மௌனமானால் அந்த விற்பனையை ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சுவதில்லை.

மேலும், ஓகடூகு வழியாகப் போனவை போன்ற துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் அந்த ஏழு வகைகளில் இடமே இல்லை. தோளில் வைத்துச் சுடும் விமான எதிர்ப்பு ஏவுகணைகள் 2003இல்தான் சேர்க்கப்பட்டன. சிறு ஆயுதங்களைப் பற்றித் தெரிவிக்க அரசுகள் அழைக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

அரசுகள் சொல்லாததை வெளியாட்கள் ஓரளவு ஈடுசெய்கிறார்கள். ஸ்டாக்ஹோம் சர்வதேச அமைதி ஆய்வு நிறுவனமான சிப்ரி, பொதுவெளியில் கிடைக்கும் தகவல்களைக் கொண்டு 1950 முதலான பெரிய ஆயுதப் பரிமாற்றங்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. அதன் கணக்குப்படி 2020 முதல் 2024 வரையிலான உலக ஏற்றுமதியில் அமெரிக்காவின் பங்கு 43 சதவீதம். இந்தச் சதவீதம் பணத்தைக் குறிப்பதன்று. ஆயுதத்தின் போர்த்திறனை மதிப்பிடும் ஓர் அலகில் கணக்கிடப்படுவது. செய்திகளில் இதைப் பலரும் விற்பனைத் தொகையாக எழுதிவிடுகிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2013 ஏப்ரல் 2 அன்று 154 நாடுகளின் ஆதரவுடன் நிறைவேறிய ஆயுத வர்த்தக ஒப்பந்தம், கண்காணிப்பை விருப்பத்திலிருந்து கடமைக்கு நகர்த்தியது. இனப்படுகொலைக்கோ குடிமக்கள் மீதான தாக்குதலுக்கோ பயன்படும் என்று தெரிந்தால் விற்கக் கூடாது. மனித உரிமை மீறலுக்குப் பயன்படும் அபாயம் எவ்வளவு என்பதை விற்கும் முன் மதிப்பிட வேண்டும். ஆயுதம் திசைமாறிப் போவதைத் தடுக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். இந்தியாவும் ரஷ்யாவும் வாக்கெடுப்பில் ஆதரவாகவோ எதிராகவோ வாக்களிக்காமல் ஒதுங்கின. அமெரிக்கா கையெழுத்திட்டும் 2019இல் பின்வாங்கியது. சீனா 2020இல் இணைந்தது. ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளே தங்கள் ஆண்டறிக்கையைப் பொதுமக்கள் பார்க்க முடியாதபடி மூடி வைக்கலாம் என்ற ஏற்பாட்டை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வெளிப்படைத்தன்மையை வளர்ப்பது ஒப்பந்தத்தின் நோக்கங்களில் ஒன்று என்று அதன் முதல் பிரிவே சொல்கிறது.

தாளைத் தாண்டிப் போன ஒரு நாட்டையும் குறிப்பிட வேண்டும். சுவிட்சர்லாந்து 2003-04இல் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு விற்ற கையெறி குண்டுகளில் ஒரு பகுதி, ஜோர்டானுக்கு அளிக்கப்பட்டு, அங்கிருந்து சிரியப் போர்க்களத்தை அடைந்திருந்தது 2012இல் வெளிப்பட்டது. அதன் பிறகு சுவிஸ் அரசு தன் விதிகளைத் திருத்தி, விற்ற ஆயுதங்கள் வாங்கிய நாட்டிலேயே இருக்கின்றனவா என்று நேரில் சென்று சரிபார்க்கும் உரிமையை வாங்குபவரிடம் முன்கூட்டியே எழுதிப் பெறத் தொடங்கியது. அதிகாரிகள் கிடங்குக்குச் சென்று, துப்பாக்கிகளின் வரிசை எண்களை விற்பனைப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறார்கள். ஓகடூகுவில் அந்த 68 டன் இறங்கிய வாரத்தில் அப்படி ஒரு வருகை நடந்திருந்தால், கிடங்கு காலியாக இருப்பது அன்றே தெரிந்திருக்கும்.