வின்னிபெக் தண்ணியும் உருத்திரபுரத்துப் பெரியப்பாவும்

ஊருக்கு வந்தா எல்லாரும் குளிரைப் பற்றித்தான் கேக்கினம், மைனஸ் முப்பதில என்னெண்டு இருக்கிறியள் எண்டு. பெரியப்பா மட்டும் "அங்க தண்ணி எங்கயிருந்து மோனை வருது" எண்டார். கமக்காரர் வேற என்னத்தக் கேப்பார்!

கனடாவில நான் இருக்கிற வின்னிபெக் நகரத்துக்கு ஷோல் லேக் எண்ட ஏரியில இருந்துதான் தண்ணி, 150 கிலோமீட்டருக்கு மேல சரிவிலயே ஓடி வாற மாதிரி 1919இல கட்டி முடிச்சது. எங்கட கிணத்துத் தண்ணி மாதிரி கேத்திலடியில வெள்ளையாப் படியாது, வந்த புதுசில அதுவே எனக்குப் பெரிய புழுகம். அந்த ஏரிக்கரையில சனம் இருக்குது எண்டதே வேலையிடத்தில ஒரு பூர்வகுடி அண்ணர் சொல்லித்தான் தெரியும்.

ஷோல் லேக் 40 எண்டு அவையின்ர ஊர், அனிஷினாபே சனம். நகரத்துக்குத் தெளிஞ்ச தண்ணி வேணும் எண்டு அவையின்ர காணியை எடுத்து, அணை கட்டி, வாய்க்கால் வெட்ட, அவை இருந்த துண்டு தீவாப் போச்சு. கோடையில படகு, மாரியில உறைஞ்ச ஏரிக்கு மேலால வாகனம், ஐஸ் உருகிற நேரம் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டுதான் போய்வாறது. 1997இல இருந்து 2021 வரைக்கும் அங்க குழாய்த் தண்ணியக் கொதிக்க வைக்காமக் குடிக்கேலாது, போத்தில் தண்ணிதான், நாங்கள் அதே ஏரித் தண்ணியில கார் கழுவுறம். ரோட்டு வந்ததே 2019இல.

கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போற கதை வந்தப்போ இஞ்சத்தைக் கமக்காரர் சிறுபோகம் என்னாகிறது எண்டு கேட்டு நிண்டதால பெரியப்பாவுக்கு இது சட்டெண்டு விளங்கீற்று. எங்கட பிரச்சினை தாளையடியில கடல்தண்ணிய நன்னீராக்கிறதெண்டு போச்சு. கேக்கிறதுக்கு எங்களுக்கு வாயாவது இருந்தது. அவைக்கு, தங்கட பூர்வகுடி அந்தஸ்தை விடாம நாடாளுமன்றத் தேர்தலில வோட்டுப் போட 1960 வரைக்கும் ஏலாது.

கனடாவில எங்கட ஆக்களின்ர பார்ட்டியளில பூர்வகுடிகளைப் பற்றி "அவங்களுக்கு எல்லாம் சும்மா கிடைக்குது, குடிச்சுப்போட்டுக் கிடக்கிறாங்கள்" எண்டு கதைக்கேக்க எனக்குப் பத்திக்கொண்டு வரும். முகாமில இருந்து வந்த எங்களையும் நிவாரணத்தில சாப்பிட்டுப் பழகின சனம் எண்டு எங்கட ஆக்களே சொன்னவைதானே. பூர்வகுடிப் பிள்ளையளைத் தாய் தேப்பனிட்ட இருந்து பறிச்சு விடுதிப் பள்ளிக்கூடங்களில அடைச்சதுக்கு 2008இல கனடா அரசாங்கம் நாடாளுமன்றத்தில மன்னிப்புக் கேட்டது, 2015இல உண்மை ஆணைக்குழு செய்ய வேண்டியதெண்டு 94 விசயம் எழுதிக் குடுத்தது. எங்களிட்ட மன்னிப்புக்கூட ஒருத்தரும் கேக்கேல்ல, அதால அதைச் சின்னதெண்டு சொல்லமாட்டன். ஆனா இப்ப குடியுரிமைச் சத்தியத்திலயே பூர்வகுடிகளின்ர உரிமையையும் ஒப்பந்தங்களையும் மதிப்பம் எண்டு வருது. சத்தியம் பண்ணி பாஸ்போட் எடுத்த நாங்கள் "அது வெள்ளைக்காரன்ர பழைய கணக்கு" எண்டு தட்டிக்கழிக்கேலாது.

"இவ்வளவு வருசத்துக்கும் ஏதும் நட்டஈடு குடுத்தவங்களோ?" எண்டு கேட்டார் பெரியப்பா. வெறும் போத்தில் தண்ணியில காலம் போக்கின இப்பிடிக் கன ஊர்ச் சனத்துக்கு 2021இல 8 பில்லியன் டொலருக்கு இணக்கம் வந்தது எண்டன். தாங்களாக் குடுத்தவங்களோ எண்டு திருப்பிக் கேட்டார். இல்ல, அந்தச் சனம் வழக்குப் போட்டுத்தான். வடக்கு ஒன்ராறியோவில நெஸ்கன்டாகா எண்ட ஊர் 1995இல இருந்து இன்னும் தண்ணிய அவிச்சுத்தான் குடிக்குது.