பொம்மையின் விரலில் ஒரு மோதிரம்

காலையில் மகள் தன் பொம்மையின் விரலில் சிவப்பு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். "இது மோதிரம், அப்பா" என்றாள்.

சட்டென்று கிரெபெரியா டிரிஃபேனா நினைவுக்கு வந்துவிட்டாள்.

1889இல் ரோமில் நீதி மாளிகைக்கு அடித்தளம் தோண்டியபோது கிடைத்த கல் சவப்பெட்டியில் இருந்தவள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பெண். இருபது வயதை ஒட்டி இறந்திருக்கிறாள். உடலோடு தங்க நகைகள். ஒரு மோதிரத்தின் சிவப்புக் கல்லில் 'ஃபிலெட்டஸ்' என்று ஓர் ஆணின் பெயர். மணம் பேசியவனாக இருக்கலாம் என்கிறார்கள்.

பக்கத்தில் கைகால் மடங்கும் தந்தப் பொம்மை. அதற்கென்றே சின்னஞ்சிறு சீப்புகள், கண்ணாடி. பொம்மையின் விரலிலும் ஒரு தங்க மோதிரம். அதில் குட்டிச் சாவி!

ரோமானியப் பெண்கள் திருமணத்துக்கு முன் பொம்மைகளைத் தெய்வத்துக்குக் காணிக்கையாக்குவார்கள். வீட்டுச் சாவி இல்லத்தரசியின் கைக்கு வரும். இவள் பொம்மையைக் கொடுக்கவே இல்லை. சாவியும் பொம்மையின் கையோடு நின்றுவிட்டது.

பேரரசர்களின் பொன்னையெல்லாம் விட அந்த மோதிரம்தான் என்னை உலுக்குகிறது. அதை அவளோடு வைத்த கை யாருடையதோ? அம்மாவாகத்தான் இருக்கும் என்று மனம் சொல்கிறது.

மாலையில் மகளின் நூல் மோதிரம் அவிழ்ந்து கிடந்தது. எடுத்து, மறுபடியும் கட்டிவிட்டேன்.