கொம்பும் காலும்: எனக்கு வேலை கிடைத்த விதம்

2023ஆம் ஆண்டு மதுரைக்கு அருகிலுள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் படித்து முடித்தபோது, என் ரெஸ்யூமேயில் 17 சான்றிதழ்களும் மூன்று புராஜெக்டுகளும் இருந்தன. கேம்பஸ் தேர்வுக்கு வந்த இரண்டு நிறுவனங்களுமே பத்தாம் வகுப்பிலிருந்து 60 சதவீதம் வேண்டும், அரியர் நிலுவையில் இருக்கக் கூடாது என்ற வரம்பை வைத்திருந்தன. அதைத் தாண்டியும் நான் ஆப்டிடியூட் சுற்றிலேயே நின்றுவிட்டேன். ஆகஸ்டு முதல் பிப்ரவரி வரை 143 இடங்களுக்கு விண்ணப்பித்து, ஒவ்வொன்றையும் ஓர் எக்செல் தாளில் குறித்து வைத்தேன். பதில் வந்தவை ஆறு. அவற்றுள் நான்கு, இயந்திரம் அனுப்பிய வருத்தக் கடிதங்கள். இடையில், வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு பயிற்சி மையத்துக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

அந்த மாதங்களில் மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்குப் பஸ்ஸில் வந்து, அங்கிருந்து புது நத்தம் சாலையில் அந்த ஜூலையில்தான் திறக்கப்பட்டிருந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுவேன். கல்லூரியில் எனக்கு இரண்டு ஆண்டு முன்னால் படித்து, இலந்தைக்குளம் எல்காட் ஐ.டி. வளாகத்தில் ஒரு நிறுவனத்தின் ஆள்சேர்ப்புப் பிரிவில் வேலை பார்த்த அக்கா ஒருவர், ஒரு சனிக்கிழமை அங்கே வந்து என் ரெஸ்யூமேயைப் படித்தார். "இதே லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டத்தை இந்த வாரம் எத்தனை தடவை பார்த்தேன்னு எனக்கே கணக்கில்லம்மா" என்றார். பிறகு, அந்தப் பி.டி.எஃப். கோப்பில் இருந்ததை முழுவதுமாக நகலெடுத்து நோட்பேடில் ஒட்டச் சொன்னார். இரண்டு பத்திகளாக அழகாக அமைத்திருந்த பக்கம், இடப்பக்க வரி ஒன்றும் வலப்பக்க வரி ஒன்றுமாகக் கலந்து, கல்லூரியின் பெயருக்கு நடுவில் 'பைத்தான்' என்ற நிரல்மொழியின் பெயர் வந்து நின்றது. விண்ணப்பங்களை முதலில் வடிகட்டும் மென்பொருள்களில் பல இப்படித்தான் படிக்கும் என்று அவர் விளக்கியபோது, 143 பேரில் எத்தனை பேருக்கு என் பெயராவது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்ற கேள்வி எழுந்தது. அன்றே அதை ஒற்றைப் பத்தியாக மாற்றி, நட்சத்திரக் குறிகளையும் சதவீதப் பட்டைகளையும் எடுத்துவிட்டேன். ஜாவா எனக்கு 80 சதவீதம் தெரியும் என்று எதை வைத்து அளந்தேன் என்று இன்றும் புரியவில்லை.

வடிவம் சரியாயிற்று. உள்ளே வைக்கத்தான் எதுவும் இல்லை.

அது சித்தப்பாவின் கடையில் கிடைத்தது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அவருக்குக் கமிஷன் கடை இருக்கிறது. விடிவதற்கு முன்பே மல்லிகையும் பிச்சியும் சம்பங்கியும் வந்து இறங்கும். ஒரே விவசாயியின் மல்லிகை ஒரே காலையில் மூன்று விலைக்குப் போகும். ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டுச் சீட்டு எழுதுவதற்குள் கணக்குப்பிள்ளைக்கு மூச்சு முட்டும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் பெயர்களைச் சேமித்திருந்த பழைய கணினி ஒன்றும் அங்கே கிடந்தது. அதிலிருந்த விவசாயிகளின் பெயர்களை யூனிகோடுக்கு மாற்றி, பைத்தானில் சிறிய பில் மென்பொருள் ஒன்று எழுதிக் கொடுத்தேன். கார்த்திகை முகூர்த்தங்களில் பூ விலை ஏறிக் கிடந்த நாள் ஒன்றில் சித்தப்பா போனில் கூப்பிட்டார்: "ஏத்தா, மாயாண்டி வர்றான், கருப்பையா வர்றான், இந்த மொக்கைச்சாமியைப் போட்டா மட்டும் ஆளே இல்லைங்குது. ஆளு எதிர்ல நிக்கிறாரு!"

தேடலில் சிக்காத பெயர்களைத் தாளில் எழுதிப் பார்த்தேன். மொக்கைச்சாமி, பொன்னையா, சோணைமுத்து, கொட்டாம்பட்டி கோபால். எல்லாவற்றிலும் எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் இருந்தன. காரணம் பிடிபட எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. யூனிகோடில் ஒகர உயிர்மெய்யின் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். ஓகாரமும் அப்படியே. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். பழைய எழுத்துருவில் கொம்பு முதலில், எழுத்து அடுத்து, கால் கடைசியில் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எல்லாம் சேமிக்கப்பட்டிருந்தது. நான் எழுதிய மாற்றி, கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்தியதோடு நின்றுவிட்டது. காலோடு சேர்த்து ஒரே குறியாக்கவில்லை. கடைப் பையன் கீபோர்டில் தட்டியதோ ஒரே குறியாக வந்தது. இந்த இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர என்.எஃப்.சி. என்ற இயல்பாக்க முறை ஏற்கெனவே இருக்கிறது. பைத்தானில் அதற்கு ஒரு வரி போதும். சேமிக்கும்போது ஒரு முறையும் தேடும்போது ஒரு முறையும் அந்த வரியைச் சேர்த்தேன், மொக்கைச்சாமி வந்துவிட்டார்.

இதை மூன்று பக்கக் குறிப்பாக எழுதி, விவசாயிகளின் பெயர்களுக்குப் பதிலாக ஊர்ப் பெயர்களை வைத்து, நிரல்களைப் பொதுவில் பகிரும் தளமான கிட்ஹப்பில் நிரலோடு போட்டேன். ரெஸ்யூமேயில் முதல் புராஜெக்ட் இதுவே ஆயிற்று; மற்ற மூன்றையும், சான்றிதழ்களில் 15ஐயும் நீக்கினேன். ஆனாலும், குறிப்பை எழுதி வைத்துவிட்டு யாராவது வந்து பார்ப்பார்கள் என்று காத்திருந்தது வீண் வேலை. தமிழில் பெயர் தேடும் மென்பொருள் விற்கும் எவருக்கும் இதே கோளாறு இருக்கலாம் என்ற எண்ணம் வந்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. கடைகளுக்கான கணக்கு மென்பொருள்களின் இலவசப் பதிப்புகள் நான்கை இறக்கி, கொட்டாம்பட்டி என்ற பெயரை இரு விதமாகவும் உள்ளிட்டுப் பார்த்தேன். இரண்டில் தேடல் தோற்றது. அவ்விரு நிறுவனங்களுக்கும் எந்தத் திரையில், எதைத் தட்டினால், என்ன வருகிறது, ஏன் வருகிறது, எப்படிச் சரிசெய்யலாம் என்று ஏழே வரிகளில் கடிதம் எழுதினேன். வேலை வேண்டும் என்பதைக் கடைசி வரியில் மட்டும், கூச்சத்தோடு, சேர்த்தேன்.

ஒரு நிறுவனத்திடமிருந்து பதில் இல்லை. சென்னையில் இருந்த மற்றொன்றிலிருந்து ஒன்பதாம் நாள் ஒரு பொறியாளர் எழுதினார். வீடியோ அழைப்பில் ஒரு சுற்று முடிந்ததும் நேரில் வரச் சொன்னார்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் போனேன்.

வழக்கமான கேள்விகளைப் பற்றி எழுத அதிகமில்லை. லிங்க்டு லிஸ்ட் என்ற தரவுத் தொடரைத் திருப்பிப் போடச் சொன்னார்கள், தடுமாறிப் போட்டேன். அதன் பின் மூத்தவர் ஒருவர், "உங்க தீர்வு எங்கே தோற்கும்?" என்று கேட்டார். கௌரி என்ற பெயரில் தோற்கும் என்றேன். ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் 'ள' என்ற எழுத்தும் போட்டுத் தட்டுபவர்கள் நிறையப் பேர். பார்வைக்கு வேறுபாடே தெரியாது, ஆனால் அது வேறு எழுத்து என்பதால் என்.எஃப்.சி. அதைத் தொடாது. "அப்ப கொம்புக்குப் பின்னால 'ள' வந்தா மாத்திட வேண்டியதுதானே?" என்றார். 'தெளிவு' கெட்டுவிடும் சார், எங்கள் பக்கத்து வெள்ளலூரும் கெட்டுவிடும் என்றேன். 'ள' தனியாக, புள்ளியோ வேறு குறியோ இல்லாமல் வந்தால் மட்டும் மாற்றலாமே என்றார். கடைக்காரர்கள் பேசுகிறபடியே 'வெளக்கு' என்று எழுதுவார்கள், அதை என்ன செய்வது என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு வெள்ளைப் பலகைக்கு எழுந்து போனார், நானும் போனேன். அடுத்த முக்கால் மணி நேரம் நேர்காணலாக இருக்கவில்லை. இருவருமாகச் சேர்ந்து சொற்களை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தோம், விடை கிடைக்கவில்லை.

விடை கிடைக்காமலேயே வேலை கிடைத்தது. 2024 ஜூன் மாதம் சேர்ந்தேன். சம்பளம் கேம்பஸில் தேறிய தோழிகளைவிடச் சற்றுக் குறைவு. வீட்டில் அதைச் சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். சித்தப்பா மட்டும், "சென்னையிலயும் மொக்கைச்சாமி இருக்காரா?" என்று கேட்டார்.

எனக்குக் கொடுத்த முதல் வேலை அந்தத் தேடல் கோளாறுதான். சரிசெய்த நிரலைச் சோதிக்க வைத்திருக்கும் பட்டியலில் முதல் வரி கொட்டாம்பட்டி, அது தேறிவிடுகிறது. கடைசி வரியில் 'ள' போட்டு எழுதிய கௌரி இருக்கிறார். இதை எழுதும் இன்றுவரை அந்த ஒரு வரி தேறாமல் சிவப்பாகவே வருகிறது.