புளியந்தீவில் ஒரு ஞாயிறு

மட்டக்களப்பு வாவிக்கரையில், இங்கிலாந்திலிருந்து வந்த மெதடிஸ்த ஊழியர் வில்லியம் ஓல்ட் அடிகளாரின் சிலை நிற்கிறது. புளியந்தீவு மெதடிஸ்த ஆலயத்துக்குப் போகிறவர்கள் முதலில் அங்கே சற்று நின்றுவிட்டுப் போக வேண்டும் என்பேன். அவர் பட்ட பாடு தெரிந்த பிறகு அந்த ஆலயத்தில் முழங்காலிடுவது வேறு அனுபவம்.

இலங்கையில் நற்செய்திப் பணி தொடங்க வேண்டும் என்று முதுமையிலும் துடித்தவர் மெதடிஸ்தத் தலைவர் தோமஸ் கோக். 1813இன் கடைசி நாள்களில் ஓல்ட் உள்ளிட்ட இளம் ஊழியர்களை அழைத்துக்கொண்டு இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். 1814 மே 3ஆம் திகதி, நடுக்கடலில், கப்பல் அறையில் இறந்து கிடந்தார். அந்தப் பயணத்தில் அதற்கு முன்பே ஓல்டின் மனைவியும் இறந்திருந்தார். வழிநடத்தியவரையும் வாழ்க்கைத் துணையையும் கடலுக்குக் கொடுத்த மனிதர் ஊர் திரும்பியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? அவர் திரும்பவில்லை. ஜூலையில் ஊழியர்கள் காலியில் கூடிப் பணித்தலங்களைப் பிரித்துக்கொண்டபோது லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணம் போனார்கள். ஓல்ட் துணையின்றி மட்டக்களப்புக்கு வந்தார்.

இங்கே அவருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ எட்டு மாதங்கள்தாம். 1815 ஏப்ரல் 1ஆம் திகதி காலமானார். அதற்குள் தமிழ் கற்கத் தொடங்கி, பிள்ளைகளுக்குப் பள்ளிகளையும் திறந்துவிட்டார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கமாக 1814ஐயே சொல்கிறது. ஆலயக் கட்டடத்துக்குக் காத்திராமல் பிள்ளைகளை நாடியதுதான் அவருடைய ஊழியத்தின் உயிர் என்று நான் நம்புகிறேன். மெதடிஸ்தருக்கு இது பழைய வழக்கமுங்கூட: இங்கிலாந்தின் ஹை விக்கம் நகரில் ஹன்னா பால் என்ற மெதடிஸ்தப் பெண் 1769இலேயே ஞாயிறு பாடசாலை நடத்தினார்.

நாங்கள் போன காலையில் ஞாயிறு பாடசாலைச் சிறுவர்கள் இருபத்துமூன்றாம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி நடுவில் தடுமாறினாள். ஆசிரியை எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் வாயிலிருந்தே அடுத்த அடி வரும்வரை பொறுத்திருந்தார். வந்தது. என் மனைவி கண்களைத் துடைத்துக்கொண்டார்.

காரணம் எனக்குத் தெரியும். இதே நகரில் சீயோன் ஆலயத்தில், 2019 உயிர்த்த ஞாயிறன்று, ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே வந்த பிள்ளைகள் பலரைக் குண்டுவெடிப்பு கொண்டுபோனது. அது வேறு சபை. ஆனால் துக்கத்துக்குச் சபை வேறுபாடு ஏது? அதற்குப் பிறகும் மட்டக்களப்பின் தாய்மார் ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்குத் தலைவாரி, வேதாகமத்தைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். இதைவிடப் பெரிய விசுவாசத்தை நான் எங்கும் கண்டதில்லை.

ஆராதனையில் அந்தப் பிள்ளைகளுக்காகவும், ஓல்ட் அடிகளாருக்காக நன்றி சொல்லியும் ஜெபித்தோம். பிள்ளைகளோடு பயணம் போகிறவர்கள் ஆராதனை நேரத்துக்கு மட்டும் போகாதீர்கள். முன்கூட்டியே போய், உங்கள் பிள்ளைகளையும் அந்த வகுப்பில் உட்கார வையுங்கள்.