புது டாக்டர் வருகிறார்: ஒரு கிரெடென்ஷியலிங் நாட்குறிப்பு

ஜூலை 7, 2025, திங்கள்

அமெரிக்காவின் ஓஹையோவில், நாங்கள் பில்லிங் வேலை செய்துகொடுக்கும் ஃபேமிலி ப்ராக்டிஸுக்கு (குடும்ப மருத்துவர் க்ளினிக்) ஆகஸ்ட் 1 முதல் புது டாக்டர் வருகிறாராம். சென்னையில் இருக்கும் எங்களுக்கு இன்றுதான் மெயில் வந்தது. டாக்டரின் தகுதிகளைச் சரிபார்த்துத் தங்கள் நெட்வொர்க்கில் சேர்க்கும் வேலைதான் கிரெடென்ஷியலிங்; அதற்குத் தனியார் இன்சூரன்ஸ்காரர்கள் பொதுவாக 90 முதல் 120 நாள் எடுத்துக்கொள்வார்கள். அங்கே மேனேஜர் அதற்குள் அப்பாயின்ட்மென்ட் போட ஆரம்பித்துவிட்டார். சரி, புலம்பி என்ன பயன்.

முதலில் சிஏக்யூஹெச்சில், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகள் டாக்டர்களின் விவரங்களை எடுத்துப் பார்க்கும் தளத்தில், அவருடைய ப்ரொஃபைலைத் திறந்தேன். 120 நாளுக்கு ஒருமுறை டாக்டர் உள்ளே போய் விவரமெல்லாம் சரி என்று அட்டெஸ்ட் செய்ய வேண்டும், செய்யவில்லை. மால்பிராக்டிஸ் (சிகிச்சைத் தவறு) இன்சூரன்ஸ் சான்றிதழ் பழைய வேலையினுடையது. வேலை வரலாற்றில் ஏழு மாதம் காலி. ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் விளக்கம் கேட்பார்கள், ஒரு வருடத்தைத் தாண்டினால் எழுத்திலேயே வேண்டும். குழந்தை பிறந்த நேரமாம். ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் அந்த ஒரு வரி இல்லாமல் ஃபைல் நகராது.

ஜூலை 9, புதன்

முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேருக்கு உரிய விண்ணப்பத்தை பீகாஸில், அதாவது அதன் பதிவுத் தளத்தில், போட்டாயிற்று. அரசாங்க வேலை என்றால் இழுத்தடிப்பு என்பார்கள், இங்கே தலைகீழ். அனுமதி தாமதமாக வந்தாலும், விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாள், அந்த இடத்தில் டாக்டர் வேலையைத் தொடங்கிய நாள், இரண்டில் எது பிந்தியதோ அதுதான் எஃபெக்டிவ் டேட், அதாவது அனுமதி செல்லுபடியாகத் தொடங்கும் நாள். ஆகஸ்ட் 1 கிடைத்துவிடும். க்ளெய்ம்களை (இன்சூரன்ஸுக்கு அனுப்பும் பில்கள்) அனுமதி வரும்வரை கொஞ்ச நாள் நிறுத்தி வைத்து அனுப்பலாம். தனியார் கம்பெனிகள் பெரும்பாலும் இப்படிக் கடந்துபோன தேதியிலிருந்து அனுமதி கொடுப்பதில்லை.

ஜூலை 30, புதன்

மேனேஜரிடமிருந்து எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது. தனியார் அனுமதி வரும்வரைக்கும், புது டாக்டர் பார்ப்பதற்கு சீனியர் டாக்டர் பெயரில் பில் போட்டால் என்ன?

முடியாது என்று எழுதினேன். ஒருவர் செய்த சிகிச்சைக்கு இன்னொரு டாக்டர் பெயரில் பில் போட மெடிகேரில் ‘இன்சிடன்ட் டு’ என்று ஒரு விதி உண்டு. அதற்குச் சிகிச்சையை சீனியர் தொடங்கியிருக்க வேண்டும், மேற்பார்வையும் அவருடையதாக இருக்க வேண்டும். புது பேஷன்ட், புதுப் பிரச்சினை எதுவும் அதில் அடங்காது. பார்க்காத டாக்டர் பார்த்ததாகக் காட்டினால் அது பொய்க் கணக்கு; அரசாங்கப் பணம் என்றால் ஃபால்ஸ் க்ளெய்ம்ஸ் சட்டம் வரைக்கும் போகும். ஏதாவது தனியார் கம்பெனி இதை அனுமதித்தால் எழுத்தில் வாங்கித் தரச் சொன்னேன். இப்போதைக்கு ஷெட்யூலைப் பிரித்தாயிற்று: புதியவருக்கு மெடிகேர் பேஷன்ட்கள், மற்றவர்கள் சீனியரிடம். மேனேஜருக்குக் கோபம்தான்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஒரு பெரிய கம்பெனியின் அப்ரூவல் கடிதம் வந்தது. “அதான் வந்திடுச்சே அக்கா, இன்னும் என்ன?” என்றாள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண். கமிட்டி சம்மதித்திருக்கிறது, அவ்வளவுதான். டாக்டரை க்ளினிக்கின் டாக்ஸ் ஐடி (வரி எண்), குரூப் என்பிஐ (மருத்துவ அடையாள எண்), முகவரியோடு சேர்த்து சிஸ்டத்தில் ஏற்றுவது வேறொரு டிபார்ட்மென்ட். அங்கே கோட்டை விட்டால் க்ளெய்ம் எல்லாம் அவுட் ஆஃப் நெட்வொர்க், அதாவது எங்கள் பட்டியலில் இல்லாத டாக்டர், என்று திரும்பும். எஃபெக்டிவ் டேட் நவம்பர் 1. அதை லோடு செய்தார்களா என்று போனில் கேட்டு, ரெஃபரன்ஸ் நம்பரையும் வாங்கி வைக்கச் சொன்னேன்.

இதற்காகப் பழைய கான்ட்ராக்ட்டை எடுத்தபோது ஒரு வரி உறுத்தியது. கட்டணம், 2019 மெடிகேர் ரேட்டில் 110 சதவீதம். மேலோட்டமாகப் பார்த்தால் லாபம் போலத் தெரியும். மெடிகேர் ஒவ்வொரு சேவைக்கும் ஆர்வியு என்று புள்ளிகள் வைத்திருக்கிறது; ஒரு புள்ளிக்கு எத்தனை டாலர் என்பதுதான் கன்வர்ஷன் ஃபேக்டர். அப்போது அது 36.04 டாலர், இப்போது 32.35. ஆனால் 2021-இல், பழைய பேஷன்ட் க்ளினிக்குக்கு வந்து போவதற்கான பில்லிங் கோட் 99213-இன் வொர்க் ஆர்வியு (டாக்டரின் உழைப்புக்கான புள்ளி) 0.97-இலிருந்து 1.30 ஆனது, 99214-க்கு 1.50-இலிருந்து 1.92. ஃபேமிலி டாக்டருக்கு சோறு போடுவதே இந்த இரண்டு பில்லிங் கோட்தான். ரேட் 2019-லேயே நிற்பதால், அந்த உயர்வில் ஒரு சென்ட்கூட இந்தக் கம்பெனியிடமிருந்து வரவில்லை.

கான்ட்ராக்ட் பிப்ரவரி 1-இல் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். மாற்றம் வேண்டுமென்றால் 90 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். அதாவது நவம்பர் 3-க்குள். கடிதத்தை எழுதி மேனேஜருக்கு அனுப்பிவிட்டேன், சீனியர் டாக்டர் கையெழுத்து பாக்கி.